போல்ட்டு எங்களுக்கு, நட்டு அவர்களுக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்று தலையணை உறையோடு முக்கால் மணி நேரம் பேசினேன். வழக்கமாக ஐந்து நிமிடம்தான்.

துணி காயும் கொடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் ஓரகத்தி. இவருடைய தம்பி மனைவி. எனக்கு அவள் சின்னவள். இரண்டு வீட்டுக்காரிகளும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது பதினொரு வருடச் சட்டம். நாங்கள் அதை மீறியதே இல்லை. நான் என் துணியோடு பேசுகிறேன், அவள் அவளுடைய துணியோடு பேசுகிறாள். காதில் விழுந்தால் யார் என்ன செய்ய முடியும்?

இன்று அவள் ஒரு துண்டைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க பாதி வீட்ட விக்கப் போறாராம். ஆள் பாத்தாச்சு. ஏப்ரல் இருபத்தஞ்சு அளவெடுக்க வராங்க."

"எதுக்காம்?" என்று தலையணை உறையைக் கேட்டேன்.

"நடுவுல இருக்கிற சுவரப் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சாம். ஊருக்கு அந்தக் கோடியில வீடு பாத்து வச்சிருக்காரு. அக்கா, எனக்குப் போகப் பிடிக்கல."

அக்கா என்று துண்டைக் கூப்பிட்டாள், பாவம்.

அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்? நிஜமாகவே தலையணை உறையோடா? மகள் வேலைக்காக வெளியூர் போன பிறகு இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரிக்க எனக்கு இருந்தது இவள் ஒருத்திதான். அவளையும் பெட்டி கட்டி அனுப்பிவிட்டு நான் என்ன செய்யட்டும்?

மார்ச் 4, புதன்

இன்று புரூஃப் பார்க்கையில் ஒரே பக்கத்தில் ஏழு பிழையை விட்டுவிட்டேன். அச்சக முதலாளி கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஞாயிறு அல்லவா, இவர் இன்ஜின் துடைக்கும் நாள். மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாயின் ஒரு மூலையை மட்டும் ஒரு சாண் தூக்குவார். தெரிகிற இடத்தை மட்டும் துடைப்பார். ஒரு பெருமூச்சு. மறுபடி மூடுவார். அவ்வளவுதான் பூஜை.

இந்தக் கூத்தை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் நானே நம்ப மாட்டேன். மாமனாரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர் திடீரென்று போனதும் வீடு இரண்டாகப் பிரிந்தது. வண்டி யாருக்கு என்பதில் இழுபறி. இவர் கணக்கு வாத்தியார். எதையும் சரிபாதியாக வகுக்காமல் விடமாட்டார். பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மாமா அதற்கு மேல். இன்ஜினும் டேங்கும் அண்ணனுக்கு, சட்டமும் சக்கரங்களும் தம்பிக்கு. ஸ்பேனரில் ஒற்றைப்படை எங்களுக்கு, இரட்டைப்படை அவர்களுக்கு. போல்ட்டு எங்களுக்கு, நட்டு அவர்களுக்கு. வண்டியோடு வந்த புத்தகத்தைக்கூட நடுவில் கிழித்தார்கள். அறுபதாம் பக்கம் வரை நாங்கள், மீதி அவர்கள்.

அதோடு போயிருந்தால்கூட ஏதோ சிரித்துவிட்டு இருந்திருப்பார்கள். கிக்கரைக் காணோம். காலால் மிதித்து வண்டியைக் கிளப்புகிற அந்த இரும்புக் கம்பி. 'நீதான் எடுத்தே' என்று அண்ணன், 'நீதான் ஒளிச்சே' என்று தம்பி. அன்றோடு பேச்சு நின்றது. இன்றுவரை இவர் வாயில் தம்பிக்குப் பெயர் 'கிக்கர் திருடன்'. அங்கேயும் அதே பெயர்தானாம், ஆள்தான் வேறு.

பேப்பரில் பிழை இருந்தால் ஒரு கோடு போட்டுத் திருத்திவிடுவேன். இதை எங்கே கோடு போடுவது?

மார்ச் 10, செவ்வாய்

யோசனை வந்துவிட்டது. ஒரு பாவாடையிடம் சொன்னேன்.

அண்ணன் தம்பியை ஒட்ட வைக்க நம்மால் ஆகாது. வண்டியை ஒட்ட வைக்கலாம் அல்லவா? ஒரே வண்டியாக ஆகிவிட்டால், மறுபடி பிரிப்பதற்காவது இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் 'அந்த ஸ்பேனரை எடு' என்றாவது ஒருத்தர் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை வந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னவள் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பிறகு, "எங்க வச்சு மாட்டுறது?" என்றாள்.

நடு அறையில்தான்! பின்பக்கத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையில் இருக்கிறது. யாருக்கு என்று முடிவாகாததால் இரண்டு பூட்டு தொங்குகிறது, ஆளுக்கொன்று. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இந்த ஜென்மத்தில் சேராது என்கிற தைரியத்தில் இரண்டு பேருமே அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் சாவி இவருடைய ஷேவிங் பெட்டியில். அவர்களுடையது கொழுந்தனாரின் கொத்தில், அவரோடு அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வருகிறது. "அத நான் பாத்துக்கறேன்," என்றாள் சின்னவள்.

மார்ச் 13, வெள்ளி

பார்த்துக்கொண்டாள்! அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவைக் கொஞ்சம் கொண்டுவந்து, அவர் குளிக்கப் போன நேரத்தில் சாவியை அதில் அழுத்தி எடுத்துவிட்டாள். சாவி செய்கிறவர் அந்த அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார் வாயிலம்மா இருந்துச்சு?" என்றாராம்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எங்கள் நேரம். இவர் பள்ளிக்கூடத்தில், கொழுந்தனார் கடையில், எனக்கு அச்சகம் காலையோடு முடிந்துவிடும், அவளுக்கு கிளினிக் நாலு மணிக்குத்தான். இன்று முதல் முறையாக இரண்டு பூட்டையும் திறந்தோம். உள்ளே கும்மிருட்டு, எலிப்புழுக்கை, மாமனாரின் உடைந்த நாற்காலி.

அங்கே நின்று பதினொரு வருடத்தில் முதல் தடவை ஒருத்தியை ஒருத்தி நேராகப் பார்த்துப் பேசினோம். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

பழைய இரும்புக் கடை. எனக்கு வேண்டியது ஓடாத இன்ஜின் என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓடாததாக்கா? நிச்சயமா?"

"ஓடவே கூடாது."

ஒரு தண்ணீர் பம்ப் இன்ஜினைக் காட்டினார். ஓரத்தில் வரிவரியாகச் செதில் இருக்கிறது, ஒரு சாண் அகலத்துக்கு. எங்கள் இன்ஜினிலும் தார்ப்பாய் மூலையில் அப்படித்தான் தெரியும். எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வண்டிக்குக் கார்புரேட்டர் இல்லை. பாகப்பிரிவினையில் எங்கோ தொலைந்துவிட்டது. அதற்கும் ஒன்றைத் தோண்டி எடுத்தார். "இது வேற வண்டியோடது. ஆனா ரெண்டும் தூரத்துச் சொந்தம், பொருந்திடும்." நெருங்கின சொந்தமே பொருந்தாத வீடு எங்களுடையது, பார்ப்போம்.

மார்ச் 19, வியாழன்

பம்ப்பைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, எங்கள் இன்ஜினைக் கேஸ் சிலிண்டர் வைக்கிற சக்கரத் தட்டில் ஏற்றி, பின்நடை வழியாக நடு அறைக்குத் தள்ளினோம். நடுவழியில் பின்வீட்டு ரிடையர்டு டீச்சர் மதில் மேல் தலையை நீட்டி, "என்னது அது?" என்றார். மேலே போர்வை போர்த்தியிருந்தது.

"மாவு அரைக்கிற மெஷினுங்க," என்றேன்.

"ரெண்டு வீடும் பேசிக்கிறீங்களா?"

"இல்லைங்களே," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

மார்ச் 22, ஞாயிறு

இவர் தார்ப்பாயைத் தூக்கினார். தண்ணீர் பம்ப்பை அன்போடு துடைத்தார். "பாத்தியா, அந்தக் காலத்து வார்ப்பு. இன்னைக்கு எவன் இப்படிச் செய்வான்?" என்றார்.

நான் சமையலறைக்கு ஓடிப்போய்த் துணியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

சட்டமும் சக்கரங்களும் வந்துவிட்டன. அங்கே மொட்டைமாடி அறையில், அவை தொங்கிய இடத்தில், போர்வைக்கு அடியில், ஒரு உடைந்த சைக்கிளையும் நாலு கட்டில் காலையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள் சின்னவள். கொழுந்தனார் தினமும் வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுத் திருப்தியாக இறங்கிவிடுகிறாராம். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிற மனுஷன்!

ஏப்ரல் 2, வியாழன்

பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரமாகக் காத்திருக்கிறோம். சின்னவளுக்குத்தான் கொஞ்சம் விவரம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அண்ணன் வண்டியைத் திருட்டுத்தனமாக ஓட்டி, அதைவிடத் திருட்டுத்தனமாக ரிப்பேர் செய்தவள். கார்புரேட்டரின் ஊசித்துளைகளைப் பல் குத்துகிற கருவியால் சுத்தம் செய்தாள். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, "நல்லா வாயத் திறங்க... ம், சொத்தை இல்ல," என்றாள்.

டேங்கில் துரு. கூழாங்கல் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். இன்னும் தோள்பட்டை வலிக்கிறது. இவர் என்ன ஆச்சு என்றார். எழுத்து ரொம்பப் பொடி என்றேன். தோளுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. கேட்கிறவராக இருந்தால் இந்த நிலைமை ஏன்?

ஏப்ரல் 9, வியாழன்

பிஸ்டன் அசைந்துவிட்டது! அசைந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு பேர் புடவையும் நாசம்.

தரையில் இந்தப் பக்கம் போல்ட்டு குவியல், அந்தப் பக்கம் நட்டு குவியல். ஒவ்வொன்றாக ஜோடி சேர்க்கிறோம். கிழிந்த புத்தகத்தை நான் ஒட்டிவிட்டேன். 'இதை இடது பக்கமாகத் திருப்பி' என்று எங்கள் பாதியில் முடிகிறது, 'மெதுவாக இழுக்கவும்' என்று அவர்கள் பாதியில் தொடங்குகிறது. பதினொரு வருடம் ஒரு வாக்கியம் இப்படி அந்தரத்தில் நின்றிருக்கிறது.

தீப்பொறிக்கான பாயிண்ட்டு இடைவெளிக்கு ஒரு விசிட்டிங் கார்டின் கனம் இருக்க வேண்டுமாம். அச்சகத்தில் ஒரு வக்கீலின் கார்டை எடுத்துவந்தேன். தப்பாக அச்சான கார்டு, ஆனால் கனம் சரியாக இருந்தது.

ஏப்ரல் 15, புதன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

நடு அறையில் புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கலாம் என்று போனேன். இரண்டு கதவின் வளையத்துக்கும் குறுக்கே ஏதோ இரும்பைச் செருகியிருந்தது, தாழ்ப்பாளுக்குப் பதிலாக. துடைத்துப் பார்த்தேன். நுனியில் ரப்பர். மடங்குகிற கால்.

கிக்கர்.

"ஏய்," என்றேன். சின்னவள் வந்து பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் வேலைதான். பிள்ளைகள் சொல்லாமல் வண்டியை எடுத்துப் போகிறார்கள் என்று அதைக் கழற்றி எங்காவது ஒளித்துவைப்பார், எனக்கே தெரியும். கடைசியாக இங்கே செருகியிருக்கிறார். சொல்வதற்குள் போய்விட்டார்.

இவங்க ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க? தேடினாங்களா? இல்ல. திருடன் திருடன்னு கத்திட்டு, எந்த அறைக்குள்ள அது இருந்துச்சோ அதே அறைக்கு ஆளுக்கொரு பூட்டு போட்டாங்க! பதினோரு வருஷம்! என் பொண்ணு சித்தப்பான்னு கூப்பிட பயந்துகிட்டே வளர்ந்தா. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்தக் கம்பியாலயே ரெண்டு பேர் முதுகிலயும் ஒண்ணு வைக்கணும்.

ஏப்ரல் 16, வியாழன்

உடனே காட்டிவிடலாம் என்றேன். சின்னவள் வேண்டாம் என்றாள். "நாம கையில கொண்டு போய்க் குடுத்தா, 'அவன்தான் உங்கிட்டக் குடுத்து விட்டானா'ன்னு கேப்பாங்க. அது எங்க இருந்துச்சுன்னு அவங்க கண்ணால பாக்கணும்க்கா."

சரிதான். இவரை எனக்குத் தெரியாதா? நிச்சயம் அதைத்தான் கேட்பார். அளவெடுக்க வரும் நாளில் இரண்டு பூட்டையும் அவர்களே திறந்தாக வேண்டும், அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அங்கேயே இருக்கட்டும் என்றுதான் முடிவு செய்தோம். ஆனால் ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் எப்படி இருப்பது? ஒரே ஒரு தடவை எடுத்து மாட்டினோம்.

சின்னவள் மிதித்தாள். ஒன்றுமில்லை. பத்து தடவை, பதினைந்து தடவை. நான் மிதித்தேன், செருப்பு பறந்தது. மறுபடி அவள். டப் டப் டப் என்று அறையே அதிர்ந்தது! வெள்ளைப் புகை. நாங்கள் இருமிக்கொண்டே குதித்தோம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர், "என்ன எரியுது?" என்றார்.

"மாவு மெஷினுங்க!"

பிறகுதான் உறைத்தது. கிக்கர் மேல் இருந்த தூசியெல்லாம் போய்ப் பளிச்சென்று இருக்கிறது. திரும்ப ஜன்னலில் செருகினால் நேற்று வைத்தது மாதிரி தெரியும். என் முகப்பவுடரை எடுத்துவந்து, அடுப்புக்கரி கலந்து, தாராளமாகத் தூவிவிட்டேன். இருட்டில் பார்த்தால் அசல் தூசிதான்.

ஏப்ரல் 24, வெள்ளி

சின்னவள் வீட்டில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. இன்று கொடியில் இரண்டு பேருமே பேசவில்லை.

ஏப்ரல் 25, சனி

காலையிலேயே நடு அறையின் பல்பைக் கழற்றி என் அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

பத்து மணிக்கு அளவெடுக்கிறவர் டேப்போடு வந்தார். எல்லா அறையும் அளந்து, கடைசியில் நடு அறை. இவர் ஒரு பூட்டைத் திறந்தார், கொழுந்தனார் ஒரு பூட்டைத் திறந்தார். ஒருத்தர் தெற்கே பார்த்துக்கொண்டு, ஒருத்தர் வடக்கே பார்த்துக்கொண்டு. கதவு திறந்தது.

நடுவில் வண்டி நின்றது.

கொழுந்தனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இவர் இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் ஞாயித்துக்கிழமை துடைக்கிறது என்னது?"

"அது தண்ணி பம்ப்புங்க."

கொழுந்தனார் பக்கென்று சிரித்துவிட்டார். "நீங்க சிரிக்காதீங்க," என்றாள் சின்னவள். "மாடியில தொங்குறது கட்டில் கால்."

கொழுந்தனார் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"பேசாம எப்படிங்க இன்ஜினத் தூக்கி ஏத்துறது?" என்றேன்.

இந்த இடத்தில் இரண்டு பேரும் மனம் இளகிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கே! இவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "என்ன மாட்டி என்ன? கிக்கர் இல்ல. எடுத்தவங்க கொண்டு வந்தா ஓடும்."

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றார் கொழுந்தனார் எதிர்ச்சுவரிடம். முகம் கறுத்துவிட்டது. அளவெடுக்கிறவரிடம், "நீங்க அளங்க சார். சீக்கிரம் முடிச்சுடுவோம்," என்றார்.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அளவெடுக்கிறவர் சுவிட்சைத் தட்டினார், விளக்கு வரவில்லை. "டேப்புல நம்பரே தெரியல சார். அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்களேன்." கொழுந்தனார் வெடுக்கென்று போய்க் குறுக்குக் கம்பியை இழுத்தார். ஜன்னல் திறந்தது. வெளிச்சத்தில் கையில் இருந்ததைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

இவர் மெதுவாகப் பக்கத்தில் போனார்.

"அப்பா," என்றார் கொழுந்தனார். "நான் எடுத்துட்டுப் போயிடுவேன்னு..."

"நீ மட்டுமா?" என்றார் இவர். "நானுந்தான்டா எடுத்துட்டுப் போவேன்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் இவர் பேசிய முதல் பேச்சு இது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. சின்னவள் என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள்.

இவர் தம்பி கையிலிருந்து கிக்கரை வாங்கினார். 'திருடன்னு சொல்லிட்டேன்டா' என்கிற மாதிரி ஏதோ வாய்க்குள் முனகினார். தம்பியும் ஏதோ முனகினார். பிறகு இவர் மூக்கைச் சுளித்துக் கிக்கரை முகர்ந்தார். என்னை முகர்ந்தார்.

"பதினோரு வருஷத் தூசி உன் பவுடர் வாசனை அடிக்குதே?"

நான் கூரையைப் பார்த்தேன்.

யார் மிதிப்பது என்பதில் உடனே சண்டை. "நீ கிளட்ச்ச விடுடா." "கிளட்ச்சுக்கும் இதுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" ஆறாவது மிதியில் கிளம்பியது. புகையில் அளவெடுக்கிறவர் எந்த வழியாகப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. டேப் மட்டும் கிடந்தது.

மே 3, ஞாயிறு

நாங்கள் மாட்டியது சரியில்லையாம். முழுவதையும் கழற்றி மறுபடி மாட்டுகிறார்கள். காலையிலிருந்து ஒரே கத்தல். "அந்த நட்டு இதுக்கில்லடா!" "அண்ணா, பக்கம் எண்பத்தேழப் பாரு!" பேசாமல் இருந்தபோது வீடு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

அட்டைப்பெட்டிகளில் இப்போது உதிரி பாகங்கள் இருக்கின்றன.

மே 8, வெள்ளி

அளவெடுக்கிறவர் டேப்பைக் கேட்டுப் போன் செய்தார். அப்படியே மீதியை எப்போது அளக்கலாம் என்றாராம். "நடு அறைய அளக்க முடியாது சார், வண்டி நிக்குது," என்றார் கொழுந்தனார். டேப்பை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

மே 17, ஞாயிறு

வண்டி முடிந்துவிட்டது. நேற்று அண்ணனும் தம்பியும் தெருவைச் சுற்றினார்கள். நாங்கள் கேட்டதற்கு, "பொம்பளைங்களுக்கு இது ரொம்ப கனமான வண்டி," என்றார்கள் இரண்டு பேரும். இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

இன்று மதியம் வண்டியை வெளியே நடையில் நிறுத்திவிட்டு, மிச்சமான நட்டு போல்ட்டுகளை அறைக்குள் உட்கார்ந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே டீ கொடுத்தோம். மின்விசிறியைப் போட்டோம். கதவைச் சாத்தினோம். பூட்டினோம். இரண்டு பூட்டும்.

தெருமுனைவரை தள்ளிப்போய் சின்னவள் கிளப்பினாள். நான் பின்னால். ஏரிக்கரை வரை போய், அங்கே என்னையும் கொஞ்சம் ஓட்டவிட்டாள். ஒரு புதரைத் தவிர யாருக்கும் சேதமில்லை. வீடு திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு சாவியும் என் கைப்பையில்.

வருகிற வழியில் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்களோ? பூனை மாதிரி போய்க் கதவில் காதை வைத்தோம். உள்ளே இவர் மாமனாரைப் பற்றி ஏதோ சொல்ல, கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் இரண்டு பூட்டையும் திறந்து உள்ளே போனோம்.

இவர் தலையைத் தூக்கிப் பார்த்து, "டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்றார்.

பூட்டியிருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.